இது சம்பளம் இல்லை

கழுதைப்புலிக்கு முதுகே சரிவு.
அதனால் பவளம் நொண்டுகிறாளா,
இல்லை நடையே அப்படியா என்று
முதல் மூன்று செவ்வாய்க்கிழமைகள்
எனக்குப் பிடிபடவில்லை.
அதுவரை நான் பார்த்த இடுப்புகள் எல்லாம்
குரோம்பேட்டை கிளினிக்குக்கு
லிஃப்ட் இல்லையா என்று கேட்டுக்கொண்டே
இரண்டு மாடி ஏறி வந்தவை.

வண்டலூரில், பார்வையாளர் இல்லாத நாளில்,
கூண்டின் பின்பக்கம் முனிரத்தினம் காத்திருப்பார்.
மூங்கில் கழி, நுனியில் மஞ்சள் டென்னிஸ் பந்து,
கழுத்தில் விசில்,
எவர்சில்வர் டப்பாவில்
கட்டைவிரல் அளவு நறுக்கிய மாட்டிறைச்சி.
மூக்கு பந்தைத் தொட்டால் விசில்.
விசில் என்றால் ஒரு துண்டு.
இது புரிய அவளுக்கு ஒன்பது நாள்,
எனக்கு ஒரு மாதம்.

பந்து இடப்பக்கம் போனால் எடை இடக்காலுக்கு.
வலப்பக்கம் வந்தால்
ஐந்து மாதமாகச் சரியாக ஊன்றாத வலது பின்னங்கால்
யோசித்து, யோசித்து,
சூடு பார்ப்பதுபோல் தரையைத் தொட்டு
வைக்கிறது.

அப்புறம் குழாய்கள். எட்டு பிவிசி குழாய்கள்,
குவார்ட்டர்ஸ் பாத்ரூமை இடித்தபோது மிஞ்சியவை.
காலை மடக்கித் தூக்காமல் தாண்ட முடியாத உயரம்.
முதல் நாள் இரண்டைத் தாண்டினாள்.
மூன்றாவதை முகர்ந்து பார்த்துவிட்டு
அதன்மேலேயே மூத்திரம் பெய்தாள்.

கம்பிவலையில் இடுப்பைச் சாய்த்து நிற்கவும் கற்றாள்.
என் கை உள்ளே போகாது, போகவும் கூடாது.
நீளப் பிடியில் கட்டிய பஞ்சு உருளையை
வலைக்கண் வழியே விட்டுத்
தொடையைத் தேய்ப்பேன்.
சிலிர்த்த முதுகுமயிர் மெல்லப் படியும்.
அந்த வாசனையோடு பீச் லோக்கலில் ஏறினால்
பக்கத்து சீட் தானாகக் காலியாகும்.

கார்த்திகை மழையில் ஒரு நாள்
சாய்ந்தாள். இரண்டே நிமிடம். எழுந்து போய்விட்டாள்.
தகரத்தில் மழை இரைய
பந்தை ஆட்டினேன், டப்பாவைத் தட்டினேன்,
பெயர் சொல்லிக் கெஞ்சினேன்.
"விடுங்க மேடம். வேணாம்றா."
"இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி இருக்கு."
"அது உங்க கணக்கு."
மிச்ச இறைச்சியை அப்படியே உள்ளே கொட்டினார்.
"சும்மா குடுத்தா நாளைக்கு ஏன் வருவா?"
"இது அவ சாப்பாடு மேடம், சம்பளம் இல்ல.
போவ முடியும்னு தெரிஞ்சாதான் வருவா."
நோட்டில் தேதிக்கு எதிரே எழுதினார்:
வந்தாள். போனாள். நல்லது.

அன்று மாலை ஆறரை மணிக்கு
கமருன்னிசா அம்மாவின் இறுகிப்போன தோள்.
பத்து தடவையாக நான் கையை உயர்த்துவேன்,
அவர் பல்லைக் கடிப்பார்,
"அவ்ளோதான், அவ்ளோதான்" என்பேன்.
வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.
கட்டில் விளிம்பைப் பிடித்து வெளுத்த அந்த இன்னொரு கை
பத்து தடவையும் அதைத்தான் சொல்லியிருக்கிறது.

"வலிச்சா இழுத்துக்கங்க, நிறுத்திடுறேன்."
நம்பவில்லை. சோதித்துப் பார்க்கவே இழுத்தார்.
நிறுத்தினேன்.
மறுபடி இழுத்தார்.
நிறுத்தினேன்.
மூன்றாம் முறை அவரே கையைக் கொண்டுவந்து
என் கையில் வைத்தார்,
முழு எடையோடு.

காணும் பொங்கல். வேலி விளிம்பு வரை கூட்டம்.
அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஒரு பையன் கத்துகிறான்:
"அது நொண்டுதுப்பா!"
செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி அவர்:
"வயசாயிருக்கும்டா."
நான் எதுவும் சொல்லவில்லை.
முதுகே சரிவு, தம்பி.
அந்த வலது பின்னங்காலை மட்டும் பார்.
அங்கே குழாயே இல்லை.
எதையோ தாண்டிப் போகிறாள்.